மடிச்சு வை, விரிச்சுக் காட்டு

புரோகிராம் எழுதற பசங்களா, உங்களை எல்லாம் பார்த்தா எனக்குப் பொறாமையா இருக்கு. மறைக்க மாட்டேன். ஒரே வரியில கசகசன்னு வந்து விழுற டேட்டாவை எடிட்டர்ல ஒட்டி ஒரு பட்டனைத் தட்டுறீங்க. மேலே தலைப்பு, கொஞ்சம் உள்ளே தள்ளி விவரம், இன்னும் உள்ளே தள்ளி அதோட விவரம்னு அழகா விரிஞ்சுக்குது. பார்த்து முடிச்சதும் இன்னொரு பட்டன், திரும்பச் சுருங்கிக்குது. இந்த ஒரு காரியத்துக்காக நான் என் வேலையையே பணயம் வெச்சேன்னா சிரிப்பீங்க. தாராளமா சிரிங்க, ஆனா கேட்டுட்டுச் சிரிங்க.

எழுபதுகள்ல நந்தனத்துல, மவுண்ட் ரோடைப் பார்த்த ஒரு மாடிக் கட்டடத்துல எங்க கம்ப்யூட்டர் சென்டர் இருந்துச்சு. சொந்தமா மெஷின் வாங்க முடியாத நிறுவனங்களுக்கு எல்லாம் நாங்கதான் கணக்குப் போட்டுக் கொடுப்போம். உள்ளே ரெண்டு உலகம். ஒண்ணு கீழே, பஞ்ச் ரூம். வரிசையா பொண்ணுங்க உட்கார்ந்து, வர்ற விவரத்தை எல்லாம் அட்டையில ஓட்டை போட்டுத் தள்ளணும். மின்விசிறி உண்டு, காத்து வராது. இன்னொண்ணு மேலே, கம்ப்யூட்டர் இருக்கற மெஷின் ரூம். ஏசி உண்டு. செருப்பை வெளியில கழட்டிட்டுக் கோயிலுக்குள்ள போற மாதிரி போகணும்.

நான் பஞ்ச் ரூம்ல சேர்ந்தவ. ராத்திரியும் பகலும் புரோகிராம் புஸ்தகத்தைப் படிச்சு, பரீட்சை எழுதி, மெஷின் ரூமுக்கு ஏறினேன். ஆனா பரீட்சார்த்தமாத்தான். "பார்க்கலாம், சரிப்பட்டு வரலேன்னா பழையபடி கீழே போயிடணும்"னு சொல்லித்தான் மேனேஜர் அனுப்பினார். அவர் மயிலாப்பூர்க்காரர், ராமசேஷன்னு பேரு. நல்ல மனுஷன், ஆனா ஒரு தாள் வீணானாக் கூடப் பொறுக்க மாட்டார்.

மெஷின் ரூம்ல எனக்குன்னு நாற்காலி கூடக் கிடையாது. கை இல்லாத இரும்பு நாற்காலி ஒண்ணைப் பஞ்ச் ரூம்ல இருந்து தூக்கிட்டு வந்திருந்தேன். முதுகுல வெள்ளைப் பெயின்ட்ல 'ப'ன்னு எழுதியிருக்கும். பஞ்ச் ரூம் சூப்பர்வைசர் ஸ்டெல்லா அக்கா என்னை எங்க பார்த்தாலும், "ஏம்மா, என் நாற்காலி எப்ப வருது? தனியா வருமா, உன்னோட சேர்ந்து வருமா?"ன்னு கேட்டுச் சிரிக்கும். கிண்டல்தான். ஆனாலும் எனக்குச் சுருக்குன்னு இருக்கும்.

இப்போ அட்டையைப் பத்தி ஒரே ஒரு விஷயம் சொல்லிடுறேன், அது தெரியாட்டிக் கதை புரியாது. ஒரு அட்டையில எண்பது கட்டம். ஒரு கட்டத்துக்கு ஒரு எழுத்து, இல்லேன்னா ஒரு எண். அந்த எண்பதுக்குள்ளேயே எல்லாத்தையும் அடைக்கணும்கறதால நடுவுல இடைவெளியே விட மாட்டோம். பேரு, நம்பர், மார்க்கு எல்லாம் ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிட்டு நிக்கும். எந்தக் கட்டத்துல இருந்து எந்தக் கட்டம் வரைக்கும் எதுன்னு புரோகிராமுக்குத் தெரியும், மனுஷனுக்குத் தெரியாது.

ஒரு பரீட்சைக் கழகத்தோட பள்ளித் தேர்வு முடிவை அச்சடிச்சுக் கொடுக்கற வேலை எங்களுக்கு வந்திருந்துச்சு. அஞ்சு பாடம்: தமிழ், இங்கிலீஷ், கணக்கு, அறிவியல், சமூகவியல். ஒரு பாடத்துக்கு ரெண்டு கட்டம். (நூறு வாங்கினா என்ன பண்ணுவீங்கன்னு கேட்காதீங்க. அதுக்குத் தனியா ஒரு குறி வெச்சிருந்தோம்.) பரீட்சைக்கு வராதவங்களுக்கு அந்த ரெண்டு கட்டத்தையும் காலியா விடுவோம். பூஜ்யம் போடக் கூடாது. பூஜ்யம்னா எழுதி வாங்கின பூஜ்யம். காலின்னா வரவே இல்லை. இதுதான் எங்க வழக்கம். ரிசல்ட் புரோகிராமை எழுதினது நான்தான்.

முதல் தடவை அடிச்ச சோதனைப் பட்டியலைப் பார்த்துட்டுக் கழகத்துக்காரங்க, "எறும்பு ஊர்ந்த மாதிரி இருக்கே, இதை எப்படிச் சரிபார்க்கறது?"ன்னு முகத்தைச் சுளிச்சாங்க. நான் உடனே இன்னொரு சின்ன புரோகிராம் எழுதினேன். இடது ஓரத்துல பள்ளிக்கூடத்துப் பேரு. அதுக்குக் கீழே, கொஞ்சம் உள்ளே தள்ளி, பிள்ளையோட பேரு. இன்னும் உள்ளே தள்ளி ஒவ்வொரு பாடத்தோட பேரு, பக்கத்துல மார்க்கு. அப்ப பிரிண்டருக்குத் தமிழ் தெரியாது, எல்லாம் இங்கிலீஷ் பெரிய எழுத்துதான். இருந்தாலும் கண்ணு போன இடத்துல விஷயம் நிக்கும்.

இந்த யோசனை ஒண்ணும் புஸ்தகத்துல இருந்து வந்ததில்லை, எங்கப்பா கடையில இருந்து வந்தது. நாங்க திருநெல்வேலிப் பக்கம். தி.நகர்ல, பாண்டி பஜாருக்குப் பின்னாடி எங்கப்பாவுக்கு ஜவுளிக்கடை. சேலையெல்லாம் அலமாரியில இம்மி இடம் விடாம மடிச்சு அடுக்கியிருக்கும். வாங்க வர்றவங்களுக்கு மட்டும் முந்தி, பார்டர், உடம்புன்னு விரிச்சுக் காட்டணும். அவங்க போனதும் பழைய மடிப்புத் தடத்துலேயே மடிச்சு, எடுத்த இடத்துலேயே வைக்கணும். சின்ன வயசுல நான் ஒரு தடவை, வர்றவங்களுக்கு லேசா இருக்கட்டும்னு பாதி விரிச்ச மாதிரியே அடுக்கி வெச்சேன். அப்பா, "ஏட்டி, மடிச்சு வைக்கது கடைக்கு, விரிச்சுக் காட்டுதது வாங்குதவளுக்கு. ரெண்டையும் போட்டுக் குழப்புனேன்னா யாருக்கும் ஆகாது பாத்துக்கோ"ன்னு ஒரு சத்தம் போட்டார்.

மேனேஜர்கிட்ட என் பட்டியலைக் காட்டினேன். அவர் தாளைத்தான் எண்ணினார். "என்னம்மா இது டாம்பீகம்? ஒரு பையனுக்கு ஆறு வரியா? பேப்பர் என்ன உங்கப்பா கடைத் துணியா, கிழிச்சுண்டே போறதுக்கு? ஒருத்தருக்கு ஒரு வரி. அவ்வளவுதான்." சரின்னு அந்தப் புரோகிராம் அட்டைக்கட்டை (புரோகிராமும் அட்டையிலதான் இருக்கும்) ரப்பர் பேண்ட் போட்டு மேஜைக்குள்ள வெச்சேன். மெஷின் ஓட்டற கரீம் பாய் மட்டும், "நல்லாத்தான் கீது, பத்திரமா வச்சிரும்மா"ன்னார். அவர் ராயப்பேட்டைக்காரர். வீட்டுல உருது, ரூம்ல மெட்ராஸ் தமிழ்.

அதுக்கப்புறம் என் தங்கச்சி கல்யாணம் வந்துச்சு. லீவு போட்டுட்டு ஊருக்குப் போயிட்டுத் திரும்பி வந்தேன். ரிசல்ட்டுல கையெழுத்துப் போடக் கழகத்துக் குழு வர்ற அன்னிக்குத்தான் நான் வேலைக்குத் திரும்பினது. நான் வரும்போதே ரிசல்ட் புரோகிராமை ஓட்டி, பட்டியலை அடிச்சு, கான்பரன்ஸ் ரூம்ல வெச்சிருந்தாங்க.

குழுவுக்குத் தலைவி அடையாறுல இருந்து வந்த ஒரு ஹெட்மிஸ்ட்ரஸ். கதர்ச் சேலை, தடிக் கண்ணாடி, கூட ரெண்டு வாத்தியாருங்க. அந்தம்மா தன் பள்ளிக்கூடத்துப் பக்கத்தைப் புரட்டினாங்க. அப்புறம் கண்ணாடியைக் கழட்டித் துடைச்சுட்டு, "எங்க ஸ்கூல்ல இங்கிலீஷ் பரீட்சைக்கு ஒருத்திகூட வரலையாமே? அறிவியலுக்கும் வரலையாம்! அப்ப நான் ஹால்ல நின்னு பேப்பர் கொடுத்ததெல்லாம் யாருக்குப்பா? பெஞ்சுக்கா?"ன்னு கேட்டாங்க.

அவங்க பள்ளிக்கூடம் மட்டுமில்லை. கடைசியா மார்க்கு வந்து சேர்ந்த நாலஞ்சு பள்ளிக்கூடத்துல எல்லாப் பிள்ளைங்களும் ரெண்டு பாடத்துல ஆப்சென்ட். ஊரே ஃபெயில்.

மேனேஜர் என்னை வராந்தாவுக்குக் கூட்டிண்டு போனார். அவர் பேசி அவர் பாஷை எனக்கும் ஒட்டிக்கிச்சு, பாருங்க! "உன் புரோகிராம்தானே இது? நாளைக்குக் காலம்பற ரிசல்ட் எல்லா ஸ்கூலுக்கும் போயாகணும். சாயங்காலம் ஆபீஸ் மூடறதுக்குள்ள அந்தம்மா கையெழுத்துப் போடலேன்னா இந்த வேலை நம்ம கையை விட்டுப் போயிடும். அப்புறம் நான் உனக்காகப் பேச முடியாது. பஞ்ச் ரூம்தான், தெரிஞ்சுக்கோ." கல்யாண மருதாணி கூட இன்னும் கையை விட்டுப் போகலை.

நேரா மெஷின் ரூமுக்குப் போய் அந்த ஹெட்மிஸ்ட்ரஸ் பள்ளிக்கூடத்து அட்டை ஒண்ணை உருவி ஜன்னல் வெளிச்சத்துல பிடிச்சேன். எனக்கு ஓட்டையைப் பார்த்தே படிக்க வரும். பஞ்ச் ரூம்ல சும்மாவா இருந்தேன்? பார்த்ததும் பகீர்னுது. ஒவ்வொரு மார்க்குக்கும் நடுவுல ரெண்டு கட்டம் காலி.

ஸ்டெல்லா அக்காகிட்ட ஓடினேன். "மேனேஜர்தான் சொன்னார்மா. கடைசியா வந்த பள்ளிக்கூடத்துக்கெல்லாம் மார்க்கு மார்க்கா இடம் விட்டு அடி, பட்டியல்ல தள்ளித் தள்ளித் தெரியும்னார். அட்டையில கடைசிப் பக்கம் இடம் இருக்கே, என்ன ஆகிடப் போவுதுன்னு நாங்களும் அடிச்சோம்"னுது.

புரிஞ்சுதா, பசங்களா? பட்டியல் படிக்க லேசா இருக்கணும், தாளும் செலவாகக் கூடாது. அதுக்கு அவர் கண்டுபிடிச்ச வழி, அட்டையிலேயே இடைவெளி விடறது. கண்ணுக்கு அது வெறும் இடைவெளி. ஆனா கட்டத்தை எண்ணிப் படிக்கிற என் புரோகிராமுக்கு, இங்கிலீஷ் இருக்க வேண்டிய இடத்துல ரெண்டு கட்டம் காலின்னா பிள்ளை பரீட்சைக்கு வரலைன்னு அர்த்தம். ஒரு கருவிக்கு அலங்காரம், இன்னொரு கருவிக்குச் சேதி. இன்னிக்கும் உங்க புரோகிராம் மொழிங்கள்ல சிலதுல ஒரு ஸ்பேஸைத் தள்ளி வெச்சா அர்த்தமே மாறுது இல்லையா? அதே வியாதிதான்.

போய்ச் சொன்னதும் மேனேஜர் முகம் வெளிறிப் போச்சு. "படிக்கறவாளுக்குச் சௌகரியமா இருக்கட்டும்னுதானேம்மா..."ன்னார். எனக்குக் கோபம் பொத்துக்கிட்டு வந்துச்சு, ஆனா அந்த முகத்தைப் பார்த்து என்னத்தைத் திட்டறது?

அப்போ எங்க சீனியர் புரோகிராமர் சுந்தரம் முன்னாடி வந்தார். கிண்டியில இன்ஜினீயரிங் படிச்சவர், மின்னல் வேகம். "இதுக்கு ஏன் இவ்வளவு கலவரம்? ரிசல்ட் புரோகிராமை லேசா மாத்தினாப் போதும். காலிக் கட்டம் வந்தா தாண்டிப் போ, அடுத்த மார்க்கை எடுத்துக்கோ. இடைவெளி இருந்தாலும் சரி, இல்லாட்டியும் சரி, ரெண்டு விதமான அட்டையையும் அதுவே படிச்சுக்கும்." கேட்கவே இனிப்பா இருந்துச்சு. எல்லாரும் தலையை ஆட்டினாங்க. எனக்கு மட்டும் மனசுல எங்கேயோ நெருடுச்சு, ஆனா என்னன்னு அந்த நிமிஷம் சொல்லத் தெரியலை. 'சந்தேகமா இருக்கு'ன்னு முணுமுணுத்தேன். "இப்ப சந்தேகப்பட நேரமில்லைம்மா"ன்னு மேனேஜர் கையை வீசினார்.

சுந்தரம் மாத்தினார், ஓட்டினார், புதுப் பட்டியல் வந்துச்சு. ஆப்சென்ட் கூட்டமெல்லாம் காணோம். பள்ளிக்கூடத்துக்கு மொத்த மார்க்கைக் கூட்டிப் பார்த்தாங்க. அந்தம்மா குறிச்சுக்கிட்டு வந்த மொத்தத்தோட அச்சு அசலா ஒத்துப் போச்சு. காபி வந்துச்சு. மேனேஜர் மூச்சு விட்டார். அந்தம்மா பேனா மூடியைத் திருகினாங்க.

அந்த நேரம்தான் எனக்குப் பொறி தட்டுச்சு. காலியைத் தாண்டிப் போன்னா, நிஜமாவே வராத பிள்ளையையும் சேர்த்துத் தாண்டுமே! அதுக்குப் பின்னாடி இருக்கற மார்க்கெல்லாம் ஒவ்வொரு இடம் முன்னாடி நகர்ந்துடுமே! கூட்டுத்தொகையா? எந்த நாற்காலியில யார் உட்கார்ந்தா என்ன, தலை எண்ணிக்கை ஒண்ணுதானே?

"மேடம், ஒரு அஞ்சு நிமிஷம் கையெழுத்துப் போடாதீங்க"ன்னேன். ரூம்ல எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்தாங்க. நான் நின்னு விளக்கம் சொல்லலை. சொன்னா சுந்தரம் ஒண்ணு சொல்வார், நான் ஒண்ணு சொல்வேன், அந்தம்மா யாரை நம்பறது? காட்டணும். மேஜையைத் திறந்து ரப்பர் பேண்ட் போட்ட அட்டைக்கட்டை எடுத்துக்கிட்டு மெஷின் ரூமுக்கு ஓடினேன். மெஷின் போட்ட ரிசல்ட் எல்லாம் காந்த டேப்புல அப்படியே இருந்துச்சு. அதுல அந்தப் பள்ளிக்கூடத்தை மட்டும் விரிச்சு அடிச்சாப் போதும்.

"இன்னாம்மா, மூஞ்சி ஒரு மாதிரியா கீது?"ன்னார் கரீம் பாய்.

"விரிச்சு அடிக்கணும் பாய். மேனேஜர் உத்தரவு இல்ல."

"உத்தரவா? பிரிண்டர் சும்மாதானே குந்திகினு கீது. நீ கட்டைப் போடு, பேப்பர் நான் ஏத்திக்கிறேன்."

பின்னாடியே வந்த மேனேஜர் கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம், "பேப்பர்! பேப்பர்!"னு கையை ஆட்டறார். பிரிண்டர் சத்தத்துல எங்களுக்கு ஒண்ணும் கேட்கலை. கேட்டிருந்தாலும் கேட்டிருக்காது.

தாளைக் கொண்டு போய் அந்தம்மா முன்னாடி விரிச்சேன். "அட, இது படிக்க முடியுதே!"ன்னு அவங்க விரலை வெச்சுக்கிட்டு மளமளன்னு இறங்கினாங்க. பேரு, பாடம், மார்க்கு. பேரு, பாடம், மார்க்கு. தன் பிள்ளைங்களைப் பேர் சொல்லிக் கூப்பிடற மாதிரியே படிச்சாங்க. மூணாவது தாள்ல விரல் நின்னுச்சு.

"இந்த மல்லிகா கணக்குப் பரீட்சை எழுதவே இல்லையே. அம்மை போட்டு வீட்டுல வேப்பிலைக்கு நடுவுல படுத்திருந்தா. கணக்குல அறுபத்தொண்ணுன்னு போட்டிருக்கு?" விரல் கீழே இறங்குச்சு. "அம்மை இறங்கின பிறகு எழுந்து வந்து சமூகவியல் எழுதினா. நானே தனியா பெஞ்ச் போட்டு உட்கார வெச்சேன். அதுல ஆப்சென்ட்டா?"

எழுதாத கணக்குல பாஸ், எழுதின பாடத்துல ஆளே இல்லை. மொத்தம் மட்டும் சரி. இது மாதிரி எந்தப் பள்ளிக்கூடத்துல எத்தனை மல்லிகாவோ! எறும்பு வரிசையில அது யார் கண்ணுலயும் பட்டிருக்காது. அந்தம்மா பேனாவை மூடிட்டாங்க.

சுந்தரத்தை இங்கே நான் பாராட்டியே ஆகணும். வீம்பு பிடிக்கலை. அந்தத் தாளை ஒரு பார்வை பார்த்தார், "தப்பு என்னோடது. நான் மாத்தினதை எடுத்துடறேன். இப்ப என்ன பண்ணலாம், நீ சொல்லு"ன்னார். அந்த 'நீ சொல்லு' இன்னிக்கும் காதுல இருக்கு. எனக்கு அப்படியே ரெண்டு அடி உசரம் கூடின மாதிரி இருந்துச்சு.

சொன்னேன். "ரிசல்ட் புரோகிராமை யாரும் தொட வேண்டாம், அது ஒழுங்காத்தான் இருக்கு. கடைசியா வந்த பள்ளிக்கூடத்து அட்டையெல்லாம் தனித் தட்டுல இருக்கு. அதுல இடைவெளி எங்கெங்கேன்னு நமக்குத் துல்லியமாத் தெரியும். அதை மட்டும் படிச்சு, பழைய மடிப்புலேயே புது அட்டை அடிச்சுக் கொடுக்கற மாதிரி ஒரு குட்டிப் புரோகிராம் போதும். மெஷினே அடிச்சுத் தள்ளிடும். மார்க்கு இருக்க வேண்டிய இடம் காலின்னா காலியாவே போகட்டும், அவன் வரலைதான். சேலையை மடிச்சு அலமாரியில வெச்சுட்டு, அப்புறம் விரிச்சுக் காட்டலாம்."

"சேலையா?"ன்னார் சுந்தரம்.

"அது அப்புறம் சொல்றேன் சார்."

பென்சில்ல புரோகிராமை எழுதினேன். எழுதினதை அட்டையா அடிக்கணும், கீழே பஞ்ச் ரூம்ல எல்லா மெஷின்லயும் வேற வேலை. நானே இறங்கிப் போனேன். ஸ்டெல்லா அக்கா, "வந்துட்டியா? நாற்காலி எங்கே?"ன்னுது. "அக்கா, எழுந்திருங்க, உங்க மெஷின் வேணும்"னேன். என் முகத்தைப் பார்த்துட்டு மறு பேச்சில்லாம எழுந்து நின்னுது. நான் அடிச்ச வேகத்துல சுத்தி இருந்த பொண்ணுங்க வேலையை நிறுத்திட்டு வேடிக்கை பார்த்தாங்க. பட்டபட்டன்னு பட்டாசு! எந்த ரூமுக்குத் திரும்பிப் போகணும்னு காலையில இருந்து பயந்து செத்தேனோ, அந்த ரூம் விரல்தான் அன்னிக்கு என்னைக் காப்பாத்துச்சு. ஒரு அட்டையில கூடத் தப்பு இல்லை.

கரீம் பாய் தட்டைத் தூக்கி வெச்சார், மெஷின் பழைய அட்டையை விழுங்கிப் புது அட்டையைத் துப்புச்சு. முதல் அட்டையை வெளிச்சத்துல பிடிச்சுப் பார்த்தேன். இம்மி இடைவெளி இல்லை, அப்பா அலமாரிதான். ரிசல்ட் புரோகிராம் ஓடுச்சு. எல்லாப் பள்ளிக்கூடத்தையும் விரிச்சு அடிச்சோம். தாள் மடிப்பு மடிப்பா வந்து விழுந்துக்கிட்டே இருந்துச்சு. மேனேஜர் பக்கத்துலேயே நின்னார், இந்தத் தடவை தாளை எண்ணலை.

அந்தம்மா முதல்ல மல்லிகாவைத்தான் தேடினாங்க. கணக்கு, ஆப்சென்ட். சமூகவியல், அம்பத்தெட்டு. "இதுதான் என் பொண்ணு"ன்னாங்க. "கணக்கு ஒண்ணை மட்டும் அடுத்த தடவை எழுதிட்டாப் போதும்." வெளியில வெயில் தாழ்ந்து, மவுண்ட் ரோடுல ஆபீஸ் விட்ட கூட்டம் பஸ்ஸுக்கு நிக்கும்போது கையெழுத்து விழுந்துச்சு. எழுந்திருக்கும்போது மேனேஜரைப் பார்த்து, "அடுத்த வருஷமும் இந்தப் பொண்ணு அடிச்ச மாதிரிதான் வேணும். எறும்பை அனுப்பினீங்கன்னா திருப்பி அனுப்பிடுவேன்"னாங்க. கண்ணாடிக் கதவுக்குப் பின்னாடி கரீம் பாய் கட்டை விரலைத் தூக்கிக் காட்டறார். எனக்குச் சிரிக்கறதா அழறதான்னு தெரியலை. ரெண்டையும் பண்ணினேன்.

வீட்டுக்குப் போய் அப்பாகிட்டச் சொன்னேன். அவருக்கு அட்டையும் புரியலை, டேப்பும் புரியலை. "சேலையை ஒழுங்கா மடிச்சேன்னு சொல்லுத, அதானே?"ன்னார். அதேதான்ப்பான்னேன்.

உங்களுக்குச் சொல்ல வேண்டியதும் அவ்வளவுதான். மெஷினுக்கு வெக்கிறதை மெஷின் கேட்கற மடிப்புல வைங்க. மனுஷனுக்குக் காட்டறதைத் தாள் செலவைப் பார்க்காம, தாராளமா விரிச்சுக் காட்டுங்க. அழகு பண்றேன்னு மூலத்துல கை வெக்காதீங்க. கூட்டுத்தொகை சரியா இருக்குன்னு யாராவது சொன்னா, ஒரு மல்லிகாவைத் தேடிப் பாருங்க.

மறுநாள் காலையில நான் போகும்போது மேனேஜர் மெஷின் ரூம் வாசல்ல, செருப்பைக் கழட்டிட்டு நிக்கறார். பக்கத்துல ஸ்டெல்லா அக்கா. "இவ நாற்காலியைக் கீழே பஞ்ச் ரூமுக்கே கொண்டு போயிடும்மா"ன்னு அவர் சொல்றது என் காதுல விழுந்துச்சு. அத்தனை பண்ணியும் அனுப்பிட்டாரே பாவின்னு நினைச்சேன். ஸ்டெல்லா அக்கா 'ப' போட்ட அந்த இரும்பு நாற்காலியைத் தூக்கிக்கிட்டு என்னைத் தாண்டும்போது, "தனியாத்தான் வருது"ன்னு கண்ணைச் சிமிட்டிட்டுப் போச்சு.

உள்ளே எட்டிப் பார்த்தேன். என் மேஜைக்கு முன்னாடி, ஆபீசருங்களுக்கு மட்டும் கொடுக்கற, கை வெச்ச நாற்காலி.